பத்தொன்பதாம் தொகுதியின் கோசலை

பாரிஸ் நகரில் பத்தொன்பதாம் நாடாளுமன்றத் தொகுதி என்று இப்போது ஒன்று கிடையாது. 2010இல் எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். இருபத்தொரு தொகுதிகள் பதினெட்டாகின. லா ஷப்பேல்காரர்களான நாங்கள் பதினெட்டாம் வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு பத்தொன்பதாம் தொகுதியில் வாக்களித்தவர்கள். 2012இல் பதினேழாம் தொகுதிக்காரர்கள் ஆகிவிட்டோம். இதை எனக்கு யாராவது விளங்கவைத்தால் அவருக்கு ஒரு காபி வாங்கித் தருவேன். தொகுதி போனதற்காக யாரும் அழவில்லை. எனக்குத் தெரிந்து அதை இன்னும் நினைத்து ஏங்குகிறவர் கோசலை ஒருவர்தான்.

நான் மார்செல், புதுச்சேரிக்காரன், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தேர்தல் ஞாயிறுகளில் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவேன். உறை உள்ளே விழுந்ததும் "அ வோத்தே", அதாவது வாக்களித்தாயிற்று, என்று உரக்கச் சொல்வேன். சம்பளம் இல்லை, பெருமை மட்டும்தான். அந்தப் பெருமையையும் என் மனைவி ஆலீஸ் ஒப்புக்கொள்வதில்லை.

2007 ஜூனில்தான் கோசலையை முதன்முதலில் பார்த்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தபின் அவர் போட்ட முதல் வாக்கு அது. உறையைப் போட்டுவிட்டு இடது கைச் சுண்டுவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இலங்கையில் பூசுவதுபோல மை பூச வேண்டுமாம்! "இங்க மை கிடையாதும்மா, கையெழுத்து மட்டும் போதும்" என்றேன். இரண்டு பேர் தள்ளி வந்த இன்னொரு பெண்ணும் அதே விரலை அதே மாதிரி நீட்டினார். முகமும் அதே முகம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. கையெழுத்துப் போட்டு முடித்துக் கிளம்பிய கோசலையிடம், "அக்காவா?" என்று கேட்டேன்.

"ஓம். ஆனா நாங்கள் கதைக்கிறேல்லை."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகளும் ஏராளமான வடைகளும் தேவைப்பட்டன. கோசலை ரயில் நிலையத்தை அடுத்த ஒரு சாப்பாட்டுக் கடையில் வடை சுடுகிறவர்.

1996இல் அக்கா மிருணாளினியின் அறையில்தான் கோசலை தங்கியிருந்தார். அகதி விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, யாழ்ப்பாணத்தில் அம்மா இறந்துவிட்டதாக அக்காவுக்குச் செய்தி வந்தது. தங்கை உடைந்துபோய் விசாரணையில் உளறிவிடுவாள் என்று அக்கா பயந்தார். மூச்சு விடவில்லை. சந்தேகம் வரக்கூடாதென்று வழக்கம்போல மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தார். விசாரணை முடிந்து வந்த மாலையில்தான் உண்மையைச் சொன்னார்.

"அம்மான்ரை துடக்குக்குள்ளை எனக்கு மீன் தந்தவ. நான் ருசிச்சுச் சாப்பிட்டனான், அண்ணை. ரெண்டாந்தரம் கேட்டும் வாங்கினனான்."

துடக்கு என்றால் சாவுத்தீட்டு, அந்த நாட்களில் மீன் தொடக்கூடாது. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர், அக்காவோடு பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அகதி அட்டை கிடைத்தது. அது அக்கா மறைத்ததால் கிடைத்தது என்பது கோசலைக்கும் தெரியும். கோபம் எப்போதோ ஆறிவிட்டது, முதல் வார்த்தைதான் வரவில்லை. கல்யாண வீடுகளுக்கு ஒருத்தி வந்தால் மற்றவள் வரமாட்டாள் என்று, அழைக்கிறவர்களே பார்த்துத்தான் அழைத்தார்கள். தேர்தலுக்கு மட்டும் அரசாங்கம் இருவரையும் ஒரே இடத்துக்கு அழைத்தது.

பிறகு கோசலை புறநகரான சார்செலுக்குக் குடிபோனார். அக்கா ஸ்தேன் என்ற இன்னொரு புறநகருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கோசலை தன் வாக்காளர் பதிவை மாற்றவில்லை. ரூ பஜோல் என்ற தெருவில் முன்பு இருந்த வீட்டின் தபால்பெட்டியில் தன் பெயரைக் கிழிக்க வேண்டாமென்று, அங்கே குடிவந்த கஜனிடம் கேட்டுக்கொண்டார். சட்டப்படி சரியில்லைதான். தபால்காரனான நான் அதைப் பார்க்கவே இல்லை.

புதுத் தொகுதி வந்தபின் மிருணாளினி எங்கள் மேசைக்கு வருவது நின்றுவிட்டது. தேர்தல் நாளில் பதினொரு மணிக்குப் பள்ளி வாசலில், சுவரொட்டிப் பலகையோரம் கைப்பையோடு நிற்பார். தங்கை உள்ளே போய் வெளியே வரும்வரை நிற்பார், பிறகு போய்விடுவார். புது எல்லைக்கோட்டில் வேறு மேசைக்கு மாற்றியிருப்பார்கள் என்று நானும் கோசலையும் நினைத்தோம்.

"பத்தொன்பதா இருக்கேக்கை வரிசையிலை எனக்குப் பின்னாலை நிப்பா" என்பார் கோசலை. "இருமுறது கேக்கும். இப்ப முகத்தை மட்டும்தான் காணுறன்."

போன குளிர்காலத்தில் அந்தக் கட்டடத்துக்குப் புதுத் தபால்பெட்டிகள் பொருத்தினார்கள். கோசலையின் பெயர் போயிற்று. நகரசபையின் கடிதங்கள் திரும்பிப் போயின. பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். வடைச் சட்டிக்கு முன்னால் நின்று அழுதார்.

"வாசல்ல நிக்கறதுக்கு எதுக்கும்மா வாக்காளர் அட்டை? சும்மா வாங்க" என்றேன்.

"வாக்குப் போட வாறன் எண்டு இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தனான். இனி என்னெண்டு சொல்லிப் போறது?"

"அக்காவைப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். அந்தக் கடையில் நான் சத்தம் போட்டது அன்றுதான். கோசலை வடையைத் திருப்பிப் போட்டார்.

இந்த 2026 மார்ச்சில் நகரசபைத் தேர்தல். பதினொரு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். பலகையோரம் மிருணாளினி நின்றார். பதினொன்றரை ஆகியும் கோசலையைக் காணோம். மிருணாளினி கைப்பையைத் தோள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ரூ பஜோல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஆகப்போகும்போது என்னால் தாங்க முடியவில்லை. பெட்டியைப் பக்கத்திலிருந்த ஜெர்மேனிடம் ஒப்படைத்துவிட்டு, சிகரெட் பிடிக்கிற சாக்கில் வெளியே வந்தேன்.

எதிர்ப்பக்க நடைபாதையில் கோசலை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தெருவைக் கடந்து, அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார். முப்பது ஆண்டுகளாக வராத குரல் கரகரத்துத்தான் வந்தது.

"அக்கா, எனக்கு இனி இஞ்சை வாக்கு இல்லை. பேரை வெட்டிப்போட்டாங்கள். உங்களைப் பாக்கத்தான் வந்தனான்."

மிருணாளினி தங்கையின் கையைப் பிடித்தார்.

"எனக்குப் பதினாலு வருசமா இல்லையடி" என்றார்.