பொட்டு வைத்த ரப்பர்

என் வீட்டுக்காரர் அழகேசனுக்குப் பயம் கூடப் பிறந்தது. பல்லிக்கும் கரப்பானுக்கும் பயந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த மனுஷனுக்குத் தன் கை வேலையைக் கண்டே பயம். அம்பத்தூரில் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவர்கள் இவரைத்தான் தேடி வருகிறார்கள். பதினெட்டு வருஷமாக இதே தொழில். ஆனாலும் ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் வாசலில் நின்று, அது தெருமுனை திரும்புகிற வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "உள்ள வாய்யா, பொண்ணயா கட்டிக் குடுத்து அனுப்புற?" என்று நான் கத்தினால்தான் வருவார்.

அவர் அப்பா அயனம்பாக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். இவர் ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினுக்குப் போனார். பக்கத்து மெஷினில் நின்ற மணவாளனுக்கு ஒருநாள் இரண்டு விரல் போய்விட்டது. மணவாளன் இரண்டே மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். இவர்தான் திரும்பவே இல்லை. மெஷினைப் பார்த்தாலே வேர்க்கிறது என்றார். அடப்பாவி மனுஷா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பைக் வேலை கற்றுக்கொண்டு ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இந்தக் கடையைப் போட்டார்.

இந்த வேலையிலும் அவருக்கு ஒரு பூச்சாண்டி உண்டு. கார்புரேட்டரையும் என்ஜினையும் சேர்க்கிற ஒரு குட்டி ரப்பர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் விரிசல் விழுந்தால் என்ஜின் வெளிக்காற்றை இழுக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் அதோடு கலந்து போகிற ஆயிலும் போதாது. பிஸ்டன் காய்ந்து, சூடேறி, ஓடுகிற ஓட்டத்திலேயே இறுகிக்கொள்ளும். பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். "அப்போ பின்னால லாரி வந்தா?" என்று சோறு தின்னும்போதுகூடக் கேட்பார். அதனால் கவரிலிருந்து அப்போதுதான் எடுத்த புது ரப்பரைக்கூட இரண்டாக மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் மாட்ட மாட்டார்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவித் துடைத்தது நான். ஸ்பேனர், சுத்தியல், பம்பு என்று ஒன்று விடவில்லை. ஆணியில் ஒரு பழைய கார்புரேட்டர் ரப்பர் சாம்பல் பூத்துத் தொங்கியது. சாமான் வாங்கப் போகும்போது மாதிரி காட்டுவதற்காக வைத்திருந்தது. சாமி முன்னால் வைக்கிற பொருள் இப்படியா இருப்பது என்று டயர் பாலீஷைப் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். புதுசே தோற்றுப்போகும் போல் பளபளத்தது. கொரட்டூர் நிர்மல் சார் வண்டிக்கு வாங்கி வைத்திருந்த புது ரப்பரையும் கவரிலிருந்து எடுத்தேன். இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மற்ற சாமான்களோடு தாம்பாளத்தில் அடுக்கினேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து முதல் வேலையைச் செய்கிற நாள். எட்டு மணிக்கெல்லாம் நிர்மல் சார் வந்துவிட்டார். ஐ.டி. கம்பெனிக்காரர், திருநெல்வேலிப் பக்கம். கூடவே மகள் பவித்ரா, இரண்டாங்கிளாஸ் படிக்கிறாள், மஞ்சள் பாவாடை கட்டியிருந்தாள். இரண்டு பேரும் அந்த பைக்கிலேயே காஞ்சிபுரம் போகிறார்களாம்.

அழகேசன் தாம்பாளத்திலிருந்து ரப்பரை எடுத்து வழக்கம்போல மடிக்கப் போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே.

"யோவ், மடிச்சின்னா பொட்டு அயிஞ்சிடும்யா. வருசத்து மொத வேல. பொட்டோட மாட்டு."

"இல்லமே, ஒரு தபா பாத்துட்டு..."

"சாமி காலடில இருந்து எடுத்ததையே சந்தேகப்படுவியா நீ?"

அவர் என்னைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார், மாட்டிவிட்டார். என்ஜினை ஓடவிட்டு, ரப்பரைச் சுற்றி சிரிஞ்சால் பெட்ரோல் பீய்ச்சிக் கேட்டார்; விரிசல் இருந்தால் சத்தம் மாறுமாம். சத்தம் மாறவில்லை. "ஏர் இழுக்கல சார், தாராளமா போங்க" என்றார். அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாம்பாளத்தை ஒழித்தேன். பொரிக்கு அடியில் ஒரு ரப்பர் கிடந்தது. எடுத்து அமுக்கினேன். மெத்தென்று இருந்தது. கடைக்காரன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது.

"யோவ், புது ரப்பர் இங்க கீதுய்யா!"

"அப்போ நான் மாட்டுனது இன்னாது?"

சொன்னேன். பாலீஷ் போட்டதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. முகத்தில் ரத்தமே இல்லாமல், "சூடு ஏறுனா பாலீஷ் இளகிடும். விரிசல் தொறந்துக்கும்" என்றார். போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவர் எங்கே எடுப்பார்? ஸ்பேனர் பையையும் புது ரப்பரையும் அள்ளிக்கொண்டு என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினார். "வானகரம் ரோட்ல போ" என்றார்.

அன்றைக்கு ஓட்டிய மாதிரி நான் என்றைக்கும் வண்டி ஓட்டியதில்லை. தெருத்தெருவாகத் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சிவப்பையும் பார்த்து என் நெஞ்சு நின்று நின்று ஓடியது. அத்திப்பட்டு தாண்டியதும் ரோட்டில் ஒரு கும்பல். கண்ணை மூடிக்கொள்ளலாம் போல் இருந்தது. கிட்டப் போனால் ஆட்டோவில் சாமி படம் வைத்துப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "தாயே, அந்தக் கொழந்தய மட்டும் காப்பாத்து" என்று வாய்விட்டே வேண்டினேன். பின்னால் அவர் போன் போடுவதை நிறுத்தவே இல்லை.

வானகரத்தில் பெரிய ரோடு ஏறி, வேலப்பன்சாவடி போனதும் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அவர் என் தோளை அழுத்தினார். "கேக்குதா? அந்த வண்டி ரேஸ் எறங்க மாட்டேங்குது. காத்து இழுக்குதுமே." எனக்கு ஹாரன் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் பார்த்தேன். ரொம்ப முன்னால், இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மஞ்சள் பாவாடை.

அந்த நேரம் பார்த்து முன்னால் வழி விட்டது. லாரிகள் உறுமின. நான் என்ன செய்வது என்று திரும்பினால் அவர் பின்னால் இல்லை. வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடிக்கொண்டிருந்தார். பஸ்காரன் கத்துகிறான், ஒருத்தன், "சாவுகிராக்கி, ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்று திட்டுகிறான். இவர் எதையும் காதில் வாங்கவில்லை. நகர்ந்துகொண்டிருந்த பைக்கின் பின்கம்பியைப் பிடித்து இழுத்தபடி பக்கத்தில் ஓடி, மறு கையை நீட்டிச் சாவியைத் திருகி அணைத்துவிட்டார். பின்னால் வந்த லாரி பிரேக் அடித்த சத்தத்தில் எனக்கு உயிர் போய் வந்தது.

ஓரம் கட்டினோம். "என்னண்ணே, பைத்தியமா உங்களுக்கு?" என்று நிர்மல் சார் கத்தினார். அழகேசன் ரப்பரைக் கழற்றி, அவர் கண்ணெதிரே மடித்தார். பாதிக்கு மேல் வாயைப் பிளந்தது. நிர்மல் சார் அதைப் பார்த்தார். பிறகு மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"பழச புதுசாக்குனது நான்தான் சார். பாத்து மாட்ட வுடாததும் நான்தான்" என்றேன்.

"மாட்டுனது என் கையி சார். அவ மேல ஒண்ணும் இல்ல" என்றார் அவர்.

"உங்களை நம்பித்தானேண்ணே பிள்ளையை ஏத்திட்டு வந்தேன்" என்றார் நிர்மல் சார்.

அழகேசன் புது ரப்பரை மடித்துப் பார்த்து, மறுபடி மடித்துப் பார்த்து மாட்டினார். முடிந்ததும் நிர்மல் சார் கேட்டார். "இப்ப சொல்லுங்க. இதுல என் பிள்ளையை வச்சு ஓட்டலாமா?"

ஓட்டலாம் என்று சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். எங்கள் மானமும் தப்பியிருக்கும்.

"வேணாம் சார். சூடான பிஸ்டன்ல கோடு உயுந்திருக்கும். பிரிச்சிப் பாக்காம நான் சொல்ல மாட்டேன். பாப்பாவ பஸ்ல இட்டுனு போங்க."

நிர்மல் சார் மகளின் கையைப் பிடித்தார். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தார். காஞ்சிபுரம் பஸ் வந்தது. படியில் கால் வைத்த பவித்ரா இறங்கித் திரும்ப ஓடிவந்தாள். "தேங்க்ஸ் அங்கிள். அப்பா மறந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பஸ் போனதும் அழகேசன் ரோட்டோரப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் போயி தேங்க்ஸ் சொல்லிச்சிமே அந்தக் கொழந்த" என்று சொல்லி, கிரீஸ் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானையால் அவர் முகத்து கிரீஸைத் துடைத்துவிட்டேன்.