மன்றாட்டுப் பெட்டியில் போட்ட தாள்

காதலித்து மணந்துகொண்டேன் என்பதற்காக, அம்மா இறந்த செய்தியை அடக்கம் முடிந்த பிறகுதான் அண்ணன் எனக்குச் சொன்னான். அதன்பின் ஒரு வருடம் நான் அவனோடு பேசவில்லை.

அம்மாவின் நினைவுத் திருப்பலிக்காக மயிலாப்பூரில் உள்ள மாதா கோயிலுக்குப் போனேன். ஆத்திரத்தில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம், “அம்மா முகத்தைப் பார்க்கவிடாத என் அண்ணன் நாதியில்லாமல் சாகணும்” என்று எழுதி, வேண்டுதல் சீட்டுகள் போடும் மன்றாட்டுப் பெட்டியில் போட்டேன். சீட்டுகளைப் பீடத்தில் வைப்பதோடு சரி, யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் தாமதமாக வந்தான். வேறு இடமில்லாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அப்போதுதான் ஒரு கன்னியாஸ்திரி பெட்டியைத் திறந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக மைக்கில் படிக்கத் தொடங்கினார். வேலை, பரீட்சை, பிரசவம். எழுந்து ஓடலாமென்றால் வழியை அடைத்துக்கொண்டு அண்ணன்.

காலண்டர் தாளைப் பிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் தவிக்கும் ஒரு பிள்ளைக்காக மன்றாடுவோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது கோயில் முழுவதும். அண்ணனின் குரல் பாதியில் உடைந்தது.

வாசலில் கேட்டான்: “அது நீ எழுதுனதுதானே?”

“சிஸ்டர் பாதியைத்தான் படிச்சாங்கண்ணா.”

“மீதி என்னன்னு எனக்குத் தெரியும்மா.”

நான் எழுதியது சாபம்தான். கடவுள் அதிலிருந்த அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டார் என்று நம்புகிறேன். அன்று இருவரும் ஒரே ஆட்டோவில் போனோம். அம்மாவின் கல்லறையை எனக்கு முதன்முதலாக அவன்தான் காட்டினான்.