தரையில் உட்காரப் பழகியது

அத்தான் இறந்த அன்று நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சீர்காழிக்குப் பக்கத்தில், அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். கூடம் முழுக்கப் பெண்கள் தரையில் நெருக்கி உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள், இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள். சாவு வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வந்து உட்கார், என்னைக் கட்டிக்கொண்டு அழு. எனக்கு இடது கால் மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தேன், வலி உயிரைப் பிடுங்கியது, அப்படியே நின்றுவிட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எனக்குப் பின்னால் தள்ளினார். பொத்தென்று உட்கார்ந்தேன். அக்காவின் கைகள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தன, பிறகு பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டன. நான் மேலேயிருந்து அவள் உச்சந்தலையைத் தொட்டேன். அவ்வளவுதான் எட்டியது.

"தஞ்சாவூர் டீச்சர் சேர் போட்டுத் துக்கம் விசாரிக்கிறாங்க" என்று ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு வார்த்தை கேட்டிருப்பேன், சாவு வீடு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்கு வலித்தது. அம்மா போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. தலை பின்னி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு விரட்டி என்னை ஆளாக்கியவள் அவள்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதை ஊரெல்லாம் பேசித் தீர்த்துவிட்டது, நான் வேறு பேச வேண்டியதில்லை. தஞ்சாவூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன், தனியாக.

கால் வலி அத்தான் இறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. கரும்பலகைக்கு முன்னால் ஆயுசு முழுக்க நின்றவளுக்கு வராமல் என்ன செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யார் கேட்டாலும் "முட்டி வலி" என்பேன். தலைமையாசிரியரிடம் அதே, மருந்துக் கடையில் அதே, எலும்பு டாக்டரிடமும் அதே. அவர் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்தார். "வயசுக்கு நல்லாத்தான் இருக்கு" என்று மாத்திரை எழுதினார். நான் முட்டிக்குத் தைலம் தேய்த்தேன், உறை மாட்டினேன், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். வலி தன் பாட்டுக்கு இருந்தது.

முட்டி வலித்தது உண்மை. ஆனால் முதலில் வலித்த இடம், அதிகமாக வலித்த இடம் அது இல்லை. தொடை இடுக்கில், உள்ளுக்குள், ஆணி அடித்த மாதிரி. அந்த இடத்தின் பெயரை ஓர் ஆண் டாக்டர் முன்னால் சொல்ல என் வாய் எழும்பவில்லை. சரி, கௌரவமாக இடுப்பு என்று சொல்லித் தொலைக்கலாமே என்றால், அதில் வேறொரு சங்கடம். எங்கள் ஊரில் ஒரு பெண் இடுப்பு வலி என்றால் பிரசவத்துக்கு வண்டி கூப்பிடுவார்கள். ஒரு தடவை ஆசிரியர்கள் அறையில் வாய் தவறி "இடுப்பு வலிக்குது" என்று சொல்லிவிட்டேன். "எத்தனையாவது மாசம் டீச்சர்?" என்றார் கணக்கு வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து முட்டியோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு சொல்லுக்குப் பயந்து பத்துப் படி ஏற அழுதுகொண்டிருந்தேன்.

அத்தானின் வருஷத் திதி முடிந்த கொஞ்ச நாளில் அக்காவுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. கடைசியில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாசகத்துக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அக்காவைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பி வரும்போது கும்பகோணம் வரைக்கும் நடவு வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன், எதுவும் கண்ணில் பதியவில்லை. எனக்கு ஒரே ஒரு நினைப்பு: அடுத்து அந்தக் கூடத்தில் நான் எப்படி உட்காருவேன். சொல்லவே நாக்கூசுகிறது. அக்கா உயிரோடு கிடக்கிறாள், நான் அவள் சாவுக்கு உட்காருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

அந்த வாரமே பிசியோதெரபிக்குப் போனேன். ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி, என் பழைய மாணவிகளின் வயதிருக்கும், பெரிய கோவிலுக்குப் பின்புறம் சின்னதாக ஓர் இடம் வைத்திருந்தாள். நான் வழக்கம்போல முட்டி என்றேன். அவளும் நம்பி முட்டிக்கே வைத்தியம் பார்த்தாள். மின்சாரத் தட்டு வைத்தாள், காலை நீட்டித் தூக்கச் சொன்னாள். சில வாரம் ஓடியது, ஒரு மயிரிழை முன்னேற்றம் இல்லை. அவளுக்கு என் மேல் சந்தேகம், எனக்கு அவள் மேல். "வீட்ல செய்றீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் கேட்டே பழகிய வாய், என்னிடமே கேட்டால் கோபம் வராதா. "நீ சொல்லிக் குடுத்தது சரியான்னு மொதல்ல பாரும்மா" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பதில் பேசாமல் என்னைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, பாதத்தைப் பிடித்து மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பினாள். தொடை இடுக்கில் பளிச்சென்று வெட்டியது. அம்மா என்று கத்திவிட்டேன்.

"எங்க வலிச்சுது?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒத்த விரலால தொட்டுக் காட்டுங்க."

காட்டவில்லை. அவள் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்தாள். "டீச்சர், எங்கிட்ட வர்ற பொம்பளைங்க பாதிப் பேரு முட்டின்னுதான் சொல்றாங்க. நானும் கேக்காம விட்டுட்டேன், தப்புதான். இப்பச் சொல்லுங்க" என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். ஐம்பது வயதைத் தாண்டியவளுக்குக் காது மடல் சுட்டது. "இது முட்டி இல்லைங்க. தொடை எலும்பு இடுப்புல போய்ச் சேருற பந்து. அங்க தேஞ்சா முட்டியிலயும் வலிக்கும்" என்றாள். படம் எடுத்ததில் அதுதான் என்று தெரிந்தது. தேய்ந்தது தேய்ந்ததுதான், சுற்றியிருக்கிற தசையைப் பலப்படுத்தினால் வலி குறையும், நடமாடலாம், அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம் என்று டாக்டரும் சொன்னார்.

"உங்களுக்கு என்ன செய்ய முடியணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். மாடிப்படி ஏறணும், கோவில் சுத்தணும், இப்படித்தான் எல்லோரும் சொல்வார்களாம். "தரையில உக்காரணும்" என்றேன். சம்மணம் இனிமேல் கூடாது, கால் நீட்டி உட்காரப் பழக்குகிறேன் என்றாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கினேன். பக்கவாட்டில் படுத்து மேல் காலைத் தூக்கினேன், அது மரக்கட்டை மாதிரி கனத்தது. பிறகு நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது, அது பழகியதும் ஸ்டூல், அப்புறம் மணைக்கட்டை. ஒவ்வொரு படியாகத் தரைக்கு இறக்கினாள். கடைசியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வலிக்கும் காலின் முட்டியைத் தரையில் ஊன்றி, கையை ஊன்றி, பக்கவாட்டில் சரிந்து உட்கார வேண்டும். சில நாள் வலி குறைந்தது, சில நாள் கூடியது. குறைந்த நாளில் எனக்குச் சந்தோஷம் வரும், வந்த வேகத்தில் அருவருப்பாக இருக்கும். தேறுகிறேன், எதற்காகத் தேறுகிறேன்? சீர்காழியிலிருந்து போன் வந்தால் போதும், இன்னும் மணைக்கட்டையில்தான் இருக்கிறேன், தரை வரவில்லையே என்று ஓடும் புத்தியை என்ன செய்வது.

தரை வந்த வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். கூடத்தில் இரும்புக் கட்டிலில் கிடந்தாள். பாதியாகியிருந்தாள், வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"நடை மாறியிருக்கே. நொண்டுறதக் காணும்?"

"எக்சர்சைஸ் பண்றேன்."

"எதுக்குடி இந்த வயசுல?"

"சும்மாதான். பெரிய கோயில் சுத்த."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். அவளிடம் பொய் சொல்லி நான் என்றைக்கும் தப்பித்ததில்லை.

"எனக்கு வந்து உக்காரத்தானே?" என்றாள்.

 நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவள் சிரித்தாள். "அன்னிக்கு நீ சேர்ல உக்காந்து முழிச்ச முழி இருக்கே. கோவம் எல்லாம் இல்லடி. ஆனா ஒன்னத் தேடுச்சு" என்றாள். பிறகு, "எங்க, உக்காந்து காட்டு" என்றாள்.

கட்டில் காலைப் பிடித்தேன். இடது முட்டியை ஊன்றி, கையை வைத்து, சரிந்து, காலை நீட்டி உட்கார்ந்தேன். வலித்தது, ஆனால் உட்கார்ந்துவிட்டேன். அக்கா மருமகளைக் கூப்பிட்டு, "என்னையும் கீழ எறக்கி விடு" என்றாள். வேண்டாம் அத்தை, அப்புறம் தூக்க முடியாது என்று அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அக்கா யார் சொல்லைக் கேட்டாள்? பாயை விரித்து இறக்கி என் மேல் சாய்த்து வைத்தோம். எடையே இல்லை. அவள் கைகள் என் கழுத்தைச் சுற்றி வந்தன.

"அழுவுடி" என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். செத்தப்புறம் நீ அழுதா ஊருக்குக் கேக்கும், எனக்குக் கேக்குமா? இப்ப அழு, நான் கேக்குறேன்."

அதற்காகத்தானே இத்தனை மாதம் காலைத் தூக்கியும் மடக்கியும் பாடுபட்டேன். உட்கார்ந்திருக்கிறேன், அவள் கை என் தோளில் இருக்கிறது, அழுகை வரவில்லை.  அக்கா கொஞ்சம் பார்த்தாள். பிறகு அவளே ஆரம்பித்துவிட்டாள். குரல் கம்மியிருந்தது, ராகம் பிசகவில்லை.

"சோறு தின்னியான்னு கேக்க ஆளில்லையே, என் தங்கம்... காய்ச்சல்னு படுத்தாக் கதவத் தட்ட நாதியில்லையே, நான் வளத்த பொண்ணு... ஒன்ன யாருகிட்ட ஒப்படைச்சிட்டுப் போவேன்..."

என்னைக் கட்டிக்கொண்டு, எனக்காக அழுதாள். அப்போதுதான் எனக்கும் வந்தது.