குண்டு எழுத்தில் அப்பா பெயர்

டவுன்ஷிப் கடைத்தெருவில் பிளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் கடையில் எனக்கு வேலை. கணினியில் எத்தனையோ எழுத்துருக்கள் இருந்தாலும் வருகிறவர்கள் எல்லாரும் கைகாட்டுவது ஒன்றைத்தான். பழைய சர்க்கஸ் நோட்டீஸ் பாணி எழுத்து அது. நின்ற கோடுகள் தூண் மாதிரி தடிமனாக இருக்கும், வளைந்து இணைகிற இடங்கள் தலைமுடி அளவுக்கு மெலிந்துவிடும். நாங்கள் அதைக் குண்டு எழுத்து என்போம். காதணி விழா, பிரியாணிக் கடைத் திறப்பு, மாதா கோயில் தேர், எல்லாவற்றுக்கும் அதுதான். முகவரியைக்கூட அதில் போடச் சொல்வார்கள். சின்ன அளவில் மெல்லிய கோடெல்லாம் அச்சில் காணாமல் போய்விடும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? எனக்கு எரிச்சலாக வரும்.

அப்பாவும் அதையே கேட்டார். அவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் வேலை. ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, காரில் உட்காரவைத்து, மேளத்தோடு கம்பெனி குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விடுவது எங்கள் ஊர் வழக்கம். தெருமுனையில் பேனரும் இருக்க வேண்டும். எத்தனையோ பேரின் காருக்குப் பின்னால் நடந்த அப்பா, தன் முறைக்காகக் காத்திருந்தார். ஒருநாள் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"பேரு நல்லா குண்டா இருக்கணும்மா. பஸ்ல போய்க்கினே படிக்கணும்."

"உங்க பேரு என்ன சினிமாப் படமாப்பா?"

"இவ்ளோ காலம் இந்த ஊருல இருந்தேனே, என் பேரு எங்கனா எழுதியிருக்குதா? ஒரு தடவ ஊரு பாக்கட்டுமே."

அதன்பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. மேலே 'பணி நிறைவுப் பாராட்டு விழா', நடுவில் அவர் பெயர், பக்கத்தில் அவர் சிரிக்கிற படம். நான் செய்த பேனர்களில் அதுதான் அழகு.

ஓய்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு காலையில் ஷிப்டுக்குக் கிளம்ப பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

மதியம் அவரோடு வேலை பார்த்தவர்கள் என்னை ஓரமாக அழைத்தார்கள். ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாப்பா, அந்த பேனரு கம்ப்யூட்டர்ல இருக்குது இல்ல? மேல இருக்கறத மட்டும் மாத்திக் குடுக்கறியாம்மா? வேற யாருனா செஞ்சா அவரு கேட்ட மாதிரி வராது."

கடைக்குப் போனேன். பணி நிறைவை அழித்துவிட்டு 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்தேன். அந்த எழுத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற அதே மிடுக்கோடு துக்கத்துக்கும் நின்றது. அதன்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அழுதுகொண்டே அப்பாவின் பெயரை இன்னும் பெரிதாக்கினேன்.

காரியம் முடியும்வரை அது தெருமுனையில் இருந்தது. பிறகு கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டோம். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று மழை பிடித்துக்கொண்டது. லாரியில் தார்ப்பாய் இல்லை. சாமான்களை மூட வேறெதுவும் அகப்படாமல் டிரைவர் அந்த பேனரை எடுத்து விரித்தார். எழுத்து மேலே தெரிந்தது. அப்படியே இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மா மழையிலேயே வாசல்படி இறங்கி வந்தாள். "திருப்பிப் போடச் சொல்லுடி. அந்த மனுஷன் நனைய வேணாம்."

திருப்பிப் போட்டோம். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்ட், நுழைவாயில் ஆர்ச் என்று லாரி டவுன்ஷிப்பைக் கடந்து போனது. பார்த்தவர்களுக்கு வெறும் வெள்ளைதான் தெரிந்தது.