ஆயிரத்து மூன்று புளியங்கொட்டை

பாகூர் செல்லக்கண்ணுவின் மகள் ஆண்டாளுக்கு எண் என்றால் உயிர். எத்தனை புளியங்கொட்டை கொடுத்தாலும் சரிசமமான வரிசைகளாக அடுக்கிவிடுவாள். சில எண்கள் மட்டும் எப்படி அடுக்கினாலும் கொஞ்சம் மிஞ்சி அடம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் அதைப் பகா எண் என்பார்கள். ஆண்டாள் 'வீம்புக்காரன்' என்பாள்.

1934இல் திருக்கனூர் பலராமன் பெண் கேட்டு வந்தான். நிலபுலன் உள்ளவன். செல்லக்கண்ணுவுக்கு வாயெல்லாம் பல். ஆண்டாளுக்கோ அத்தை மகன் கண்ணையன் மேல்தான் ஆசை. நேராகச் சொன்னால் அடி விழும். அதனால் ஒரு போட்டி வைத்தாள்.

"ஆயிரத்துக்கு மேல, என்னால வரிசை கட்ட முடியாத எண்ணு ஒண்ணு சொல்லணும் நைனா. சொல்றவனைக் கட்டிக்கிறேன். யார் வேணா வரலாம்."

"இன்னாடி இது கூத்து!" என்றார் அவர். ஆனால் மகளின் கெட்டிக்காரத்தனத்தில் உள்ளுக்குள் பெருமை. சரி என்றுவிட்டார்.

களத்துமேட்டில் ஊரே கூடியது. பலராமன் மீசையை முறுக்கிக்கொண்டு, "ஆயிரத்து ஒண்ணு" என்றான். ஆண்டாள் ஏழு வரிசை போட்டாள். மிச்சமில்லை. ஆள் அவுட்!

கண்ணையன் எழுந்தான். "ஆயிரத்து மூணு."

ஆண்டாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பாவி மனுஷா! பதினேழு அறுபது ஆயிரத்து இருபது, அதில் ஒரு பதினேழு போனால் ஆயிரத்து மூன்று. பதினேழு வரிசை போட்டால் கச்சிதமாக நிற்குமே. மடையன், பதிமூன்று வரை பார்த்துவிட்டுச் சலித்துப்போய் வந்திருக்கிறான்.

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை அவள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று போட்டுப் போட்டுக் கலைத்தாள். வெயிலில் கூட்டம் கொட்டாவி விட்டது. அடுத்துப் பத்தொன்பதுக்குத் தாவினாள். முப்பத்தொன்று வரை எல்லாவற்றிலும் மிச்சம்.

"இன்னும் போடேன்" என்றார் செல்லக்கண்ணு.

"வேணாம் நைனா. இதுக்கு மேல வரிசை கூடினா, வரிசைக்குக் கொட்டை கொறையும். பக்கவாட்டுல நின்னு பாத்தா ஏற்கெனவே போட்ட கணக்குதான். தோத்துட்டேன்."

தோற்றவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஊர் பார்த்ததே இல்லை.

கல்யாணமும் ஆயிற்று. கண்ணையன் போகிற இடமெல்லாம் "என் எண்ணு, என் எண்ணு" என்று பீற்றிக்கொண்டான். அவளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒருநாள் வாசலில் பதினேழு வரிசை அடுக்கிக் காட்டினாள். ஒரு கொட்டை மிஞ்சவில்லை.

"அப்போ நீ தோக்கவே இல்லியாடி?"

"செயிச்சிருந்தா உன்னை எப்படி மாமா கட்டிக்கிறது?"

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏர் ஓட்டும்போதுகூட எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். அறுப்பு முடிந்த கையோடு வந்து நின்றான். "ஆயிரத்து ஒம்பது. போடுடி பாக்கலாம்!"

ஆண்டாள் எதையும் தாண்டாமல் போட்டாள். பதினேழிலும் மிஞ்சியது. கடைசியாக முப்பத்தொன்று வரிசை. அதிலும் மிச்சம். மிஞ்சியதை எண்ணிப் பார்த்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சரியாகப் பதினேழு கொட்டைகள். அப்படியே அள்ளி அவன் கையில் கொட்டினாள்.

"இந்தா மாமா, அன்னிக்கு உனக்காக நான் தாண்டின பதினேழு. இப்பதான் நெசமாவே தோத்தேன்!"