அடியில அஞ்சுன்னு போட்ட டப்பா

இன்னிக்கு காலைல எங்க டயர் கடைக்கு மெர்ல் ஸ்டோடர்ட் வந்தாரு. அவர் சொன்னத இப்பவே எழுதலன்னா எனக்கு மண்டை வெடிச்சுரும். சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க.

எங்க ஊரு லூயிஸ்டவுன்ல மெர்லைத் தெரியாத ஆள் கிடையாது. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல ஈயத்தை உருக்கி அச்சுல ஊத்தி, தன் துப்பாக்கிக்கு தானே குண்டு செய்வாரு. சக்கரத்தை பேலன்ஸ் பண்ண நாங்க மாட்டற ஈயத்துண்டு பழசானா அவருக்குத்தான் போகும். ஆனா பல வருஷமா அவரு கடைப்பக்கமே தலைகாட்டல. காரணம், கப்கேக் சுடற ஒரு குழித்தட்டு.

உருக்கின ஈயத்தைக் கட்டி கட்டியா ஆறவைக்க எதையாவது தேடியிருக்காரு. கைல ஆப்ட்டது பொண்டாட்டி டோரீனோட தட்டு. ஈஸ்டர் அன்னிக்கு அவங்க வீடு பூரா தேடி, கடைசில ஷெட்ல கண்டுபிடிச்சாங்க. குழிக்குக் குழி பளபளன்னு ஈய கேக். அன்னிக்குப் பூட்டினதுதான் ஷெட்டு. சாவி டோரீன் கிட்ட.

இந்த வருஷம் பனி உருக ஆரம்பிச்சப்ப சாவி திரும்பக் கிடைச்சுது, ஒரே ஒரு நிபந்தனையோட. சமையலறைல இருந்து ஒரு கரண்டி ஷெட்டுக்குப் போனாலும் ஆயுசுக்கும் பூட்டுதான்.

மெர்ல் உள்ள போய் பாத்தா உலகமே மாறியிருக்கு. முன்னல்லாம் துப்பாக்கிக் குழல்ல ஈயம் ஒட்டாம இருக்க குண்டுக்கு மெழுகு தடவுவாங்க, வெடிச்சா புகை மண்டும். இப்ப எல்லாரும் கலர் பவுடர். பிளாஸ்டிக் டப்பால குண்டையும் பவுடரையும் போட்டுக் குலுக்கினா தானா ஒட்டிக்கும், அப்புறம் சின்ன ஓவன்ல வேகவைக்கணும். ஓவன் பழைய சாமான் கடைல கிடைச்சுது. டப்பாதான் சிக்கல். அடியில முக்கோணத்துக்குள்ள போடற பிளாஸ்டிக் ரக நம்பர் அஞ்சா இருக்கணும், அதுலதான் பவுடர் ஒழுங்கா பிடிக்கும்னு குண்டு ஊத்தற ஆளுங்க அத்தனை பேரும் சத்தியம் பண்றாங்க.

கடைல புதுசா ஒண்ணு வாங்கலாமேன்னு கேட்டேன். என்னை ரொம்ப இரக்கமா பாத்தாரு. எதையும் காசு குடுத்து வாங்கக் கூடாதுன்னுதானே வீட்லயே செய்யறோம்னாரு. அச்சு, அடுப்பு, பவுடர் வாங்கின காசுல ஒரு வண்டி குண்டு வாங்கியிருக்கலாம். அதை நான் சொல்லல.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்ல விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து நீள மேசைல வெச்சிருந்தாங்க. மெர்ல் ஒவ்வொண்ணா தூக்கி அடிய பாத்துக்கிட்டே போயிருக்காரு. எங்க ஊர்ல பாத்திரத்துக்கு அடியிலதான் டேப் ஒட்டிப் பேர் எழுதுவோம். அதனால பாத்தவங்களுக்கு ஒரே அர்த்தம்தான். யாரோட சமையல்னு மெர்ல் தேடித் தேடிப் பாக்கறாரு.

அஞ்சு கிடைச்சது பெர்னிஸ் ஹாலண்டரோட முட்டைக்கோஸ் சாலட் டப்பால. பெர்னிஸ் புருஷன் போனப்புறம் தனியா இருக்கறவங்க, நல்லா சிரிப்பாங்க. மெர்லுக்கு முட்டைக்கோஸ் வாசனையே ஆகாது. ஆனா டப்பா காலியாகணுமே. மூணு தட்டு சாப்பிட்டாரு. இந்த மாதிரி சாலட்டை என் ஜென்மத்துல சாப்பிட்டதில்லன்னு சொன்னாரு, அது பொய்யும் இல்ல. பெர்னிஸ் உருகிப்போய் மிச்சத்தை டப்பாவோட குடுத்து அனுப்பிட்டாங்க.

டோரீன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. கல்யாணமான நாள்லேர்ந்து அவங்க செஞ்ச முட்டைக்கோஸ் ஒண்ணக்கூட தொடாத மனுஷன். வீட்டுக்கு வந்ததும் கேட்டாங்களாம்.

"என்ன மெர்ல், பெர்னிஸ் கை மணம் அப்படி இழுக்குதோ?"

ஆமான்னா பொண்டாட்டி மனசு போச்சு. உண்மையச் சொன்னா ஷெட்டு போச்சு. இதுக்கு அவரு கொஞ்ச நேரம் யோசிச்சாரு பாருங்க, அதுலயே டோரீன் கண்ணு கலங்கிருச்சு. அதைப் பாத்ததும் மனுஷன் உடைஞ்சுட்டாரு.

"டப்பாக்குத்தான் டோரீன். அடியில அஞ்சு இருக்கு. குண்டு குலுக்க."

"சமையலறைச் சாமான் ஷெட்டுக்குப் போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"இது உன் சமையலறை இல்லையே கண்ணு."

டோரீன் சாலட்டைக் கோழிக்குப் போட்டாங்க. கோழியும் மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. அப்புறம் தன் அலமாரிய மொத்தமா கவுத்து, அடிய அடிய பாத்து, அஞ்சு போட்ட டப்பா ஒண்ண எடுத்து அவர் மடில வெச்சாங்களாம்.

"குலுக்கறதுன்னா இதுல குலுக்கு. அடுத்தவ டப்பா என் ஷெட்டுக்குள்ள வரக் கூடாது."

இதைச் சொல்லிட்டு மெர்ல் கைக்குட்டைய பிரிச்சுக் காட்டினாரு. லிப்ஸ்டிக் மாதிரி சிவப்பா ஒரு பிடி குண்டு. டோரீன் எடுத்த கலராம். சுட மனசு வரலன்னு திரும்ப மடிச்சு வெச்சுக்கிட்டாரு.

விஷயம் தெரியாத பெர்னிஸ் இப்ப மெர்லுக்குன்னே தனியா சாலட் செய்யறாங்க, டோரீன் பக்கத்துல உக்காந்து அவரு முழுசா சாப்பிடறாரான்னு பாக்கறாங்க.

இந்தப் பக்கம் வந்தா சனிக்கிழமை அவரு ஷெட்டுக்குப் போய் பாருங்க. வெளிய வர்றப்ப டோரீன் சோப்போட நிப்பாங்க, ஈயம் விஷம்னு கையக் கழுவாம விடமாட்டாங்க. தைரியமா ஷேர் பண்ணுங்க, பெர்னிஸுக்குத் தமிழ் தெரியாது.