சங்கரலிங்கம் அண்ணாச்சி தராத மருந்து

சங்கரலிங்கம் அண்ணாச்சி இறந்த செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, ஆலங்குளத்தில் பேருந்துக்கு நின்றிருந்தேன். அவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்த ஆய்வக ஃப்ரீசரைக் கடைசிவரை வாங்கித் தராதவர்கள்கூடக் கைகூப்பும் படம் அனுப்பியிருந்தார்கள். இந்த அஞ்சலியில், அவரை அறிந்த உங்களிடம் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

தென்காசிக் கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஒரு நொதியின் பின்னால் அலைந்தோம். அழற்சியின்போது உடலின் கொழுப்பிலிருந்து வீக்கத்தைத் தூண்டும் பொருள்களை உண்டாக்குவது அது. அதே பொருள்களைப் புற்றுக்கட்டியும் தன் வளர்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறது. நொதியை முடக்கினால் கட்டி தளருமா என்பதே எங்கள் கேள்வி. மின்சாரம் போனால் மாதிரிகள் கெட்டுவிடும். அண்ணாச்சி மீன்கடை ஐஸை வாளியில் தூக்கி வருவார். "ஆராய்ச்சி நாறுதுன்னு எவனும் சொல்லிரக் கூடாதுலே" என்று சிரிப்பார்.

அந்த நொதியை முடக்கும் ஒரு சேர்மம் கண்ணாடித் தட்டில் இருந்த புற்றுச்செல்களை அடக்கியது. அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்குக் குடல் புற்றுநோய் முற்றியிருந்தது. மருத்துவர்கள் கைவிரித்தபின், அந்தச் சேர்மத்தைத் தரும்படி அவரிடம் கேட்டேன்.

"எலிக்கே குடுத்துப் பாக்கல. ஒந் தங்கச்சிக்குக் குடுக்கச் சொல்லுதியாலே?"

"வேற வழியில்ல அண்ணாச்சி."

"குத்தாலத்துல மெயினருவிய அடைச்சா கூட்டம் வீட்டுக்கா போவுது? ஐந்தருவிக்குல்லா போவுது. இந்த நொதிய அடைச்சா கொழுப்பு பக்கத்து நொதிக்குப் போவும். அது கட்டிய இன்னும் வளத்துட்டுன்னா என்னலே செய்வ?"

தங்கை போய்விட்டாள். துக்கம் கேட்க வந்த அண்ணாச்சிக்கு நான் முகம் கொடுக்கவில்லை. அதன்பின் ஒரே மேசையில் வேலை பார்த்தும், வேலையைத் தவிர வேறெதுவும் அவரிடம் பேசியதில்லை. ஓய்வு பெற்றுப் போனபோதும் வழியனுப்ப நிற்கவில்லை.

இப்போது அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் குடலில்தான் வந்தது என்று அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

"ஒங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னுட்டாவ தம்பி. அந்த மருந்த நீங்களாவது தின்னு பாருங்கன்னு அழுதேன். 'அவன் தங்கச்சிக்கு இல்லன்னு சொன்னத நான் எப்படிட்டீ தின்ன'ன்னு கேட்டாவ."

அவர் செய்தது சரி என்று என் படிப்பு அன்றும் சொன்னது. மனம் இன்றும் ஒப்பவில்லை. நோயைச் சொல்லியிருந்தால் அதை எடுத்துக்கொள்ளச் சொல்லி நானே மல்லுக்கட்டியிருப்பேன். அவர் மறுத்திருப்பார். இருவரும் வாய்விட்டுச் சண்டையாவது போட்டிருப்போம். அதற்கும் இடம் வைக்காமல் போய்விட்டார்.

தனக்கென்று தனி நியாயம் வைத்துக்கொள்ளாத அந்த மறுப்பு ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை மன்னிக்க இன்னும் எனக்குத் தெரியவில்லை.